முகத்தை ஒருவர், வண்ணத்தை ஒருவர்

(நுண்ணோவியம் பயிலும் மாணவர்களிடையே ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



நுண்ணோவியம் கற்க வருகிறவர்களிடம் இரண்டு கேள்விகள் தயாராக இருக்கும். "சார், ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் உட்காரணும்?" என்பது ஒன்று. "எந்த பிரஷ் வாங்கணும்?" என்பது மற்றது. பிரஷ் கேள்விக்குப் பதில் எளிது. போகிற போக்கில் சொல்லிவிடுகிறேன். மணிக்கணக்குக் கேள்விக்கு நான் சொல்லும் பதில் நானூறு ஆண்டுப் பழையது. அக்பரின் சித்திரக்கூடத்திலிருந்து எடுத்தது.

மகாபாரதத்தைப் பாரசீகத்தில் மொழிபெயர்க்கும்படி அக்பர் 1582இல் உத்தரவிட்டார். அந்த மொழிபெயர்ப்புக்கு ரஸ்ம்நாமா என்று பெயர். அரசருக்கென்றே எழுதி ஓவியம் தீட்டிய பிரதி ஜெய்ப்பூர் அரண்மனைச் சேகரிப்பில் இருக்கிறது. அதன் படங்களுக்கு அடியில், விளிம்பில், பொடி எழுத்தில் குறிப்புகள் உண்டு. வரைவு இன்னார், வண்ணம் இன்னார் என்று எழுதியிருக்கும். அக்பர் காலத்து வேறு சில சுவடிகளில் மூன்றாவதாக ஒரு பெயரும் வரும்: முகம் இன்னார். படம் ஒன்று, கை மூன்று. வரைவு வேலையைத் தர்ஹ் என்றார்கள், வண்ண வேலையை அமல் என்றார்கள், முக வேலைக்குச் சிஹ்ரா நாமி என்று பெயர்.

இப்படிக் கூறுபோட்டதற்குக் காரணம் கலைத் தத்துவம் எதுவும் இல்லை. வேலை மலையாகக் குவிந்திருந்தது, அவ்வளவுதான். ஹம்ஸாநாமா என்ற ஒரே கதைநூலுக்கு மட்டும் சுமார் 1400 படங்கள், துணியில், பெரிய அளவில். முடிக்க ஏறக்குறைய 15 ஆண்டுகள் பிடித்தன. அவ்வளவு வேலையையும் ஒருவரே அடிமுதல் நுனிவரை செய்ய முடியாது. எனவே பிரித்துக் கொடுத்தார்கள். வேலைக்காகச் செய்த அந்தப் பிரிவினைதான், கற்றுக்கொள்ள வருகிற நமக்கு வழிகாட்டி. அடிமுதல் நுனிவரை படத்தை முடித்துவிட வேண்டும் என்ற அவசரத்தில்தான் நம்மில் பலர் பத்தாண்டு கழித்தும் அதே கண்ணை, அதே விரலைத் தப்பாகப் போட்டுக்கொண்டிருக்கிறோம்.

இன்னொன்றும் அங்கே நடந்தது. அக்பரின் வரலாற்றாசிரியர் அபுல் ஃபஸல் தம் ஆயினே அக்பரி நூலில் பதிவு செய்திருக்கிறார்: ஓவியர்கள் செய்த வேலை முழுவதையும் மேற்பார்வையாளர்களும் எழுத்தர்களும் வாரந்தோறும் அரசர் முன் வைப்பார்கள், வேலையின் தரத்தைப் பார்த்து அவர் பரிசு கொடுப்பார், அல்லது மாதச் சம்பளத்தை உயர்த்துவார். வாரந்தோறும் என்பதைக் கவனியுங்கள். படம் முடிந்த பிறகு என்று இல்லை. பாதி வேலையும் அங்கே போயிருக்கும், முகம் வைக்காத உடல்களும் போயிருக்கும்.

ஆக, என் பதில் இதுதான். மணிக்கணக்கை விடுங்கள். இன்றைக்கு எந்தக் கூறை மட்டும் செய்யப்போகிறோம் என்று முடிவு செய்யுங்கள். அதை வாரம் ஒருமுறை யாராவது பார்க்கும்படி செய்யுங்கள். மற்றதெல்லாம் இந்த இரண்டுக்குள் அடக்கம்.

மணிக்கணக்கு என்றதும் பத்தாயிரம் மணி நேரம் என்ற எண் இங்கே பலருக்கு நினைவு வந்திருக்கும். ஆண்டர்ஸ் எரிக்சன் என்ற உளவியலாளரும் அவருடைய சகாக்கள் இருவரும் பெர்லினில் வயலின் மாணவர்களை ஆராய்ந்து 1993இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். 20 வயதுக்குள் சிறந்த மாணவர்கள் தனியாகப் பயின்ற நேரத்தின் சராசரி அந்த எண்ணுக்கு அருகில் வந்தது. 2008இல் மால்கம் கிளாட்வெல் தம் புத்தகத்தில் அதை ஒரு விதி மாதிரி பிரபலப்படுத்திவிட்டார். எரிக்சனுக்கு அதில் உடன்பாடு இருக்கவில்லை. சராசரி என்றால் அந்தச் சிறந்த மாணவர்களிலேயே பலர் அதற்குக் கீழே இருந்தார்கள் என்று அவர் எடுத்துச் சொன்னார். அவர் முக்கியமாகக் கண்டது வேறு: தன்னால் இன்னும் முடியாத ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அதை மட்டும், உடனுக்குடன் குறை தெரியும்படி செய்வது. தெரிந்ததையே சுகமாகத் திரும்பத் திரும்பச் செய்தால் கூடுவது மணி மட்டும்தான். இதை அக்பரின் மேற்பார்வையாளர்கள் கட்டுரை எதுவும் படிக்காமலே தெரிந்து வைத்திருந்தார்கள் என்பது என் எண்ணம். ஆராய்ச்சியாளர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

இனி கூறு கூறாகப் பார்ப்போம். கோட்டுக்கு அதிக நேரம் எடுத்துக்கொள்வேன். வண்ணத்தைச் சீக்கிரம் தாண்டிவிடுவேன். அதற்கான காரணம் போகப் போகத் தெரியும்.

முதலில் தாள். நுண்ணோவியத்துக்கு வசிலி என்ற தாள் வேண்டும். கையால் செய்த தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாகப் பசையிட்டு ஒட்டி, காயவைத்து, அகேட் கல்லாலோ சோழியாலோ தேய்த்து மெருகேற்றுவார்கள். பசை பெரும்பாலும் மாவுப் பசைதான். பூச்சி அரிக்காமலிருக்கக் கொஞ்சம் மயில்துத்தம் சேர்ப்பார்கள். தேய்த்த தாளில் விரலை ஓட்டினால் தடையே இருக்கக்கூடாது. சொரசொரப்பான தாளில் எவ்வளவு நல்ல கையும் பிசிறிய கோட்டைத்தான் போடும். வசிலியைக் காசு கொடுத்து வாங்கலாம். ஆனாலும் ஒருமுறையாவது நீங்களே ஒட்டித் தேய்த்துப் பாருங்கள். காற்றுக் குமிழ் சிக்கிய இடத்தில் வண்ணம் எப்படிப் பொருக்குத் தட்டும் என்பது அப்போதுதான் புரியும்.

அடுத்து பிரஷ். ஒற்றை முடியால் ஆன தூரிகை என்று ஒரு கதை சுற்றுலாக் கடைகளில் விற்பனை உத்தியாகவே ஓடிக்கொண்டிருக்கிறது. ஒற்றை முடியில் வண்ணம் எப்படி நிற்கும்? ஒரு சொட்டுத் தண்ணீரைக்கூட அது தாங்காது. பழைய ஓவியர்கள் அணில் வால் முடியைக் கொத்தாக எடுத்து, புறா இறகின் காம்பு வழியே நுழைத்துக் கட்டினார்கள். கொத்தின் வயிற்றில் வண்ணம் நிற்கும். நுனியில் ஒரே ஒரு முடி நீண்டு முடியும். அந்த நுனியைப் பார்த்தவர்கள் கட்டிய கதைதான் ஒற்றை முடித் தூரிகை. இன்று கடையில் பிரஷ் வாங்குகிற மாணவர்கள் இதே காரணத்தால் மூன்று சைபர், ஐந்து சைபர் என்று மெலிந்ததைத் தேடி ஓடுகிறார்கள். வேண்டாம். முனை கூர்மையாகச் சேரும் நல்ல சேபிள் முடி பிரஷ், 0 அல்லது 1ஆம் எண், போதும். மிக மெல்லிய பிரஷில் வண்ணம் கோட்டின் பாதியிலேயே காய்ந்துவிடும். பிறகு கோடு நடுங்கியதற்குக் கையைக் குறை சொல்வீர்கள்.

இப்போது கோடு. காகிதத்தை மேசையில் கிடத்தி அதன்மேல் கவிழ்ந்து வரைவது நம் பள்ளிக்கூடப் பழக்கம். நுண்ணோவிய மரபில் தரையில் அமர்ந்து, ஒரு முழங்காலைக் குத்திட்டு, அதன்மேல் பலகையைச் சாய்த்துக்கொள்வார்கள். பார்ப்பதற்குச் சடங்கு மாதிரி தெரியும். காரணம் எளியது: கண்ணுக்கும் தாளுக்கும் இடையே உள்ள தூரம் மாறாது, முழங்கை உடம்பை ஒட்டி நிற்கும், பலகையைச் சட்டென்று திருப்பலாம். தரையில் உட்கார முடியாதவர்கள் சாய்வுப் பலகை வைத்துக்கொள்ளுங்கள், தவறில்லை.

காவியை நன்றாக அரைத்து, வேலம்பிசின் கரைத்த தண்ணீரில் குழையுங்கள். பிசின் குறைந்தால் காய்ந்த பிறகு விரலில் தூளாக ஒட்டிக்கொண்டு வரும். அதிகமானால் பளபளக்கும், நாளடைவில் வெடிக்கும். பிரஷைத் தோய்த்து, கிண்ணத்தின் விளிம்பில் வழித்து, பழைய தாள் ஒன்றில் உருட்டி முனையைச் சேருங்கள். பிறகு இடக்கைக் கட்டைவிரல் நகத்தில் ஒரு கீற்று இழுத்துப் பாருங்கள். நகத்தில் பிசிறுவது தாளிலும் பிசிறும். சுண்டுவிரல் தாளைத் தொட்டபடி நகரட்டும். உங்களை நோக்கி இழுக்கிற கோடு நேராக வரும். வெளியே தள்ளுகிற கோடு தடுமாறும். வளைவு வந்தால் மணிக்கட்டை முறுக்காதீர்கள், பலகையைத் திருப்புங்கள்.

பயிற்சி என்ன தெரியுமா? ஓர் அங்குலக் கோடு. மெல்லியதாகத் தொடங்கி, நடுவில் கொஞ்சம் தடித்து, மீண்டும் மெலிந்து முடிய வேண்டும். அதை இருபது முறை இழுங்கள். நிறுத்துங்கள். இருபதையும் பாருங்கள். எது கெட்டது என்று கேட்காதீர்கள், எங்கே கெட்டது என்று கேளுங்கள். தொடக்கத்தில் குமிழ் விழுந்திருந்தால் பிரஷில் வண்ணம் அதிகம். நடுவில் வறண்டு அறுந்திருந்தால் வண்ணம் கெட்டி, அல்லது நீங்கள் மெதுவாகப் போகிறீர்கள். முடிவில் வால் இரண்டாகப் பிளந்திருந்தால் முனை சேரவில்லை, உருட்டாமல் தொடங்கிவிட்டீர்கள். இந்த மூன்று குறைக்கும் மருந்து வேறு வேறு. "என் கோடு சரியில்லை" என்று பொத்தாம்பொதுவாகச் சொல்கிற மாணவனுக்கு எந்த ஆசிரியரும் உதவ முடியாது. "பத்தில் ஏழு கோடு வால் பிளக்கிறது" என்று சொல்கிறவனுக்கு ஒரு வார்த்தையில் பதில் கிடைக்கும்.

கோட்டுக்கு ஏன் இவ்வளவு என்று கேட்கலாம். இந்த மரபில் படம் கோட்டில் தொடங்கிக் கோட்டிலேயே முடிகிறது. முதலில் காவியில் மெல்லிய வரைவு. அதன்மேல் நீர்த்த வெள்ளையை ஒரு பூச்சு பூசுவார்கள்; வரைவு அதனடியில் மங்கலாகத் தெரியும். அந்த மங்கலின் மேல் திருத்தி, கறுப்பில் மீண்டும் வரைவார்கள். வண்ணம் ஏறியதும் கோடுகள் பாதி மறைந்துவிடும். எல்லாம் முடிந்த பிறகு, கடைசியாக, உருவங்களின் எல்லைக் கோட்டை மறுபடி இழுப்பார்கள். இப்படி ஒரே உருவத்தின் மேல் மூன்று தடவை கோடு ஓடுகிறது. கடைசிக் கோடு ஏறுமாறாகப் போனால் அதற்கு முந்தைய வேலை அத்தனையும் போச்சு.

வண்ணத்துக்கு வருவோம். நீர்த்த மோர் பதத்தில் கரைத்து, மெல்லிய பூச்சாக, ஒன்று காய்ந்தபின் ஒன்றாக ஏற்றுங்கள். ஒரே பூச்சில் கெட்டியாக அப்பினால் தூரிகைத் தடம் நிற்கும். சில பூச்சுகளுக்கு ஒருமுறை படத்தைக் கவிழ்த்து, வழவழப்பான பரப்பில் வைத்து, பின்பக்கத்திலிருந்து அகேட்டால் தேய்ப்பார்கள்; வண்ணம் தாளோடு படிந்து ஒருவித ஆழம் வரும். இதற்குத் தனிப் பயிற்சி என்று பெரிதாக ஒன்றும் வேண்டியதில்லை. சின்னக் கட்டங்கள் போட்டு ஒரே நிறத்தைச் சமமாகப் பூசிப் பழகினால் சில வாரங்களில் கை படிந்துவிடும். பழைய நிறங்களின் கதைகள் சுவையானவை, ஒப்புக்கொள்கிறேன்: லேப்பிஸ் லாசுலி நீலம், அரிதாரத்து மஞ்சள், சாதிலிங்கச் சிவப்பு, பசோலி ஓவியர்கள் மரகதக் கல்லுக்குப் பதிலாக வெட்டி ஒட்டிய வண்டுச் சிறகின் பச்சை ஓடு. ஆனால் கற்கத் தொடங்குகிறவர் நிறத்தின் கதையில் மயங்கிவிட்டால் கோட்டுப் பயிற்சி நின்றுபோகும். குழாயில் வருகிற நல்ல நீர்வண்ணத்தில் தொடங்குங்கள். கல்லை அரைப்பது பிறகு.

பர்தாக்த் என்ற நுண்கீற்று வேலை பற்றி மட்டும் நின்று பேச வேண்டும். கன்னத்தின் உருட்சி, பறவை இறகின் மென்மை, மஸ்லின் துணியின் மெல்லிய மடிப்பு, இவற்றை நிறத்தைக் குழப்பி வரவழைப்பதில்லை. கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத சின்னக் கீற்றுகளையும் புள்ளிகளையும் நெருக்கமாக, அடுக்கடுக்காக வைத்து வரவழைக்கிறார்கள். பிரஷ் ஏறக்குறைய உலர்ந்திருக்க வேண்டும். ஓர் அங்குலச் சதுரம் போடுங்கள். இடப்பக்கம் ஆழ்ந்த சாம்பல், வலப்பக்கம் வெறும் தாள். இடையில் எந்த இடத்திலும் படி தெரியக்கூடாது. ஒரே திசையில் கீற்று வையுங்கள், காயட்டும், கொஞ்சம் சாய்த்து அடுத்த அடுக்கு வையுங்கள். அவசரப்பட்டு அடர்த்தியான நிறத்தில் தொடங்கினால் திருத்தவே முடியாது. வெளிறிய நிறத்தில் தொடங்கிப் பல அடுக்கில் ஆழம் கூட்டுங்கள். முதல் சதுரம் புகைபிடித்த சுவர் மாதிரிதான் இருக்கும். தூக்கி எறிய வேண்டாம். தேதி போட்டு வையுங்கள்.

அக்பரின் மகன் ஜஹாங்கீரின் ஓவியர் மன்சூர் இதில் மன்னர். நாதிர் அல் அஸ்ர், காலத்தின் அபூர்வம், என்று பட்டம் பெற்றவர். பறவை, விலங்கு, செடி என்று தமக்கு ஒரு வட்டத்தைப் போட்டுக்கொண்டு அதற்குள் ஆழமாகப் போனார். 1612இல் கோவா வழியாக வந்த வான்கோழியை அவர் தீட்டிய படம் இன்று லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 1621இல் தீட்டிய வரிக்குதிரையும் அங்கேதான். அந்த விலங்கு அரசவைக்கு வந்தபோது யாரோ வண்ணம் பூசிக் கொண்டுவந்திருக்கிறார்கள் என்று சிலர் சந்தேகித்ததாகவும், சோதித்துப் பார்த்தபின்தான் பிறவி வரி என்று நம்பியதாகவும் ஜஹாங்கீர் தம் நினைவுக் குறிப்பில் சொல்கிறார். ஓவியர்கள் நிறைந்த அரண்மனையில் அப்படிச் சந்தேகம் வந்ததில் வியப்பு என்ன!

அதே நினைவுக் குறிப்பில் இன்னொரு பெருமையும் அவர் பேசுகிறார். எந்த ஓவியர் வேலை என்று யாரும் சொல்லாமலே தமக்குத் தெரிந்துவிடும். ஒரே முகத்தில் கண்ணையும் புருவத்தையும் வேறொருவர் தீட்டியிருந்தால் அதையும் தாம் கண்டுபிடித்துவிடுவதாகச் சொல்கிறார். அரசர்கள் தங்களைப் பற்றிச் சொல்லுவதில் பாதியைத் தள்ளிவிட்டுப் படிப்பதே நல்லது. இருந்தாலும், கண்ணையும் புருவத்தையும் தனித்தனி வேலையாகப் பார்க்கிற ஒரு பார்வை அங்கே இருந்தது என்பதற்கு இது சாட்சி. கை தேறுவதற்கு முன்னால் கண் தேற வேண்டும். தப்பைப் பார்க்கத் தெரியாத கண்ணுக்குக் கீழே கை எத்தனை மணி நேரம் உழைத்தாலும் தப்பையே பழகும்.

இனி முகத்தில் தீட்டும் கண்ணைப் பார்ப்போம். நுண்ணோவியத்தில் முகம் சில சமயம் கட்டைவிரல் நகத்தின் அளவுகூட இருக்காது. அதில் கண் ஒரு நெல்லளவு. மேலிமைக் கோடுதான் கண்ணுக்கு உயிர். மூக்கோரத்தில் மெலிந்து தொடங்கி, விழிக்கு மேலே தடித்து, காதோரத்தில் மெலிந்து நீளும். கீழிமைக் கோடு அதைவிட வெளிறியதாக இருக்க வேண்டும். இரண்டையும் ஒரே அழுத்தத்தில் போட்டால் கண் கண்ணாடிச் சட்டம் போட்டது போல நிற்கும். கருவிழி மேலிமையைத் தொட்டு, கொஞ்சம் அதற்குள் மறைந்திருக்கட்டும். கருவிழிக்கு மேலே வெள்ளை தெரிந்தால் அந்த முகம் பேயைக் கண்டவர் முகமாகிவிடும். ராதை கிருஷ்ணனைப் பார்க்கிறாளா, பாம்பைப் பார்க்கிறாளா என்று தெரியாமல் போகும். ஒரு முடியகலம் செய்கிற வேலை இது. ஆகவே, முழு முகத்தை வரைந்து பழகாதீர்கள். ஒரு மாதம் மேலிமைக் கோடு மட்டும். அடுத்த மாதம் கருவிழியை அதில் அமர்த்துவது மட்டும். பிறகு நெற்றியிலிருந்து மூக்கு, உதடு, மோவாய் வரை பக்கவாட்டு முகத்தின் ஒற்றைக் கோடு. சலிப்பாக இருக்கும். மூன்றாவது மாத முடிவில் முகம் வரைந்து பாருங்கள், பேசுவோம்.

சரி, எதைப் பார்த்து வரைவது? பழைய படத்தைப் பார்த்துத்தான். நகல் எடுப்பது இழிவு என்ற எண்ணம் நமக்கு எங்கிருந்தோ வந்து ஒட்டிக்கொண்டது. முகலாயக் கூடத்தில் அது படிப்பின் முதுகெலும்பு. வரைவுகளை மானின் மெல்லிய தோலில் படியெடுத்து, கோட்டின் மேல் ஊசியால் துளையிட்டு, கரித்தூளைத் தட்டி அடுத்த தாளில் இறக்குவார்கள். குடும்பங்கள் இந்தப் படிகளைத் தலைமுறை தலைமுறையாகக் காப்பாற்றின.

பிற்காலத்தில் ஜஹாங்கீரின் முதன்மை ஓவியரான அபுல் ஹசன் சிறுவனாக இருந்தபோது செய்த ஒரு வேலை ஆக்ஸ்ஃபோர்டில் ஆஷ்மோலியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஜெர்மானிய ஓவியர் ட்யூரரின் சிலுவையேற்ற அச்சுப்படத்திலிருந்து புனித யோவானின் உருவத்தை மட்டும் பிரித்தெடுத்து அவன் வரைந்திருக்கிறான். 13 வயதில், 1600இல். முழுப்படத்தையும் அவன் எடுக்கவில்லை என்பதைப் பாருங்கள். சிலுவையை விட்டான், மற்ற ஆட்களை விட்டான். துணி மடிப்பு கனத்து விழும் ஓர் உருவம் மட்டும் அவனுக்கு வேண்டியிருந்தது. இந்திய மரபில் அப்படி மடிப்பு போடும் பழக்கம் இருந்ததில்லை. தன்னால் முடியாத ஒன்றைத் தேடிப் போய் எடுத்த நகல் அது.

அந்தக் கூடத்தின் நகல் எந்த அளவுக்குப் போனது என்பதற்கு ஆங்கிலேயத் தூதர் தாமஸ் ரோ சாட்சி. 1616இல் அவர் கொண்டுவந்த ஓர் ஓவியத்தை ஜஹாங்கீர் தம் ஓவியரைக் கொண்டு நகலெடுக்கச் செய்தார். அசலோடு ஐந்து நகல்களையும் ஒன்றாக வைத்து இரவில் அவரிடம் காட்டினார். மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் எது தம்முடையது என்று பிரித்தறியத் தாம் திணறியதை ரோ தம் குறிப்பேட்டில் எழுதியிருக்கிறார்.

நகலிலேயே நின்றுவிடுவோமோ என்ற பயம் சிலருக்கு இருக்கும். அதற்கு குலேர் ஊர்க்காரர் ஒருவரைக் காட்டுகிறேன். இமாசல மலையடிவாரத்து ஓவியர் பண்டித் சேவுவுக்கு மானக், நைன்சுக் என்று இரண்டு மகன்கள். இந்தக் குடும்பத்தின் வரலாற்றைக் கலை வரலாற்றாசிரியர் பி. என். கோஸ்வாமி கண்டெடுத்த விதமே தனிக் கதை. ஹரித்வார்ப் புரோகிதர்களான பண்டாக்களின் யாத்திரிகர் ஏடுகளில், குடும்பம் குடும்பமாக எழுதிவைத்த பெயர்களில் தேடித் தேடி அடையாளம் கண்டார். நைன்சுக் நல்ல வயதில் ஜஸ்ரோட்டாவின் பல்வந்த் சிங் என்பவரிடம் போய்ச் சேர்ந்தார். பிறகு பல ஆண்டுகள் அந்த ஒரே மனிதரைத் தீட்டிக்கொண்டிருந்தார். பல்வந்த் சிங் தாடி திருத்திக்கொள்கிறார். பல்வந்த் சிங் கூடாரத்தில் உட்கார்ந்து எழுதுகிறார். பல்வந்த் சிங் போர்வையைப் போர்த்திக்கொண்டு ஹூக்கா புகைக்கிறார். பல்வந்த் சிங் ஓவியம் ஒன்றைப் பார்க்கிறார், பின்னால் ஓவியரே கைகூப்பி நிற்கிறார். தேர், யானை, தெய்வம் என்று ஆயிரம் கதைகள் இருக்கும்போது ஒரு சிற்றரசரின் சோம்பலையும் முதுகு வளைவையும் மூக்கையும் இவ்வளவு நாள் பார்த்துக்கொண்டிருந்தவர் வேறு எவர்? அவருடைய வண்ணமேறாத வரைவுகள் நிறைய எஞ்சியிருக்கின்றன. அவற்றில் ஓடும் கோடு தகப்பனாரின் கூடத்தில் படியெடுத்துப் பழகிய கோடுதான். பார்வை மட்டும் யாரிடமும் படியெடுத்ததல்ல. நகல் கைக்கு, பார்ப்பது கண்ணுக்கு. இரண்டையும் தனித்தனியே பழகலாம் என்பதற்கு அவரைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

அண்மைக் காலத்துக்கு லாகூரைச் சொல்வேன். 1875இல் மேயோ ஓவியப் பள்ளியாகத் தொடங்கிய தேசியக் கலைக் கல்லூரியில், 1980களில் பஷீர் அஹமதின் முயற்சியால் நுண்ணோவியம் பட்டப் படிப்பாயிற்று. மாணவர்கள் வசிலி ஒட்டினார்கள், பிரஷ் கட்டினார்கள், பழைய படங்களை நகலெடுத்தார்கள். காலாவதியான கலை, வெளிநாட்டவருக்கு விற்கும் பண்டம் என்று கேலி செய்தவர்கள் உண்டு. அந்தப் படிப்பிலிருந்து வந்தவர்தான் ஷாஸியா சிக்கந்தர். 'தி ஸ்க்ரோல்' என்ற அவருடைய படிப்பு முடிவுப் படைப்பு 1989-90இல் செய்தது. ஒன்றரை மீட்டருக்கும் அதிகமான நீளத்தில், ஒரு வீட்டின் அறை அறையாக ஓர் இளம்பெண் நடமாடுகிறாள். பழைய முறையில், இன்றைய வீடு. இம்ரான் குரைஷியும் அங்கே பயின்றவர். 2013இல் நியூயார்க் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்தின் மொட்டைமாடித் தரையில் அவர் தீட்டிய சிவப்பு இலைகளை அருகில் குனிந்து பார்த்தால் அதே நுண்ணோவியக் கீற்றுகள் தெரிந்தன. நகல் இவர்களை அடக்கிப் போட்டதாகத் தெரியவில்லை.

இனி நம் பிரச்சினை. வாரந்தோறும் பார்க்க நமக்கு அக்பர் இல்லை. ஆசிரியர் இருக்கும் ஊரில் இருப்பவர்கள் பாக்கியவான்கள். மற்றவர்கள் என்ன செய்வது? சில உபாயங்கள் சொல்கிறேன். செய்ததை அன்றே மதிப்பிடாதீர்கள். ஓர் இரவு போகட்டும். மறுநாள் தலைகீழாகப் பிடித்துப் பாருங்கள், அப்போது முகம் முகமாகத் தெரியாது, கோடு கோடாகத் தெரியும். கண்ணாடியில் காட்டிப் பாருங்கள், ஒருபக்கம் சாய்ந்திருப்பது பளிச்சென்று தெரியும். நகலாக இருந்தால், மெல்லிய படித்தாளில் அசலின் கோட்டை எடுத்து உங்கள் வேலைமேல் வைத்துப் பாருங்கள். கைபேசியில் படமெடுத்துப் பெரிதாக்கிப் பார்ப்பது இப்போது எல்லோரும் செய்கிற வழி. நல்லதுதான், ஆனால் எனக்கு அதில் ஒரு மனக்குறை. பத்து மடங்கு பெரிதாக்கினால் நைன்சுக்கின் கோடும் கரடுமுரடாகத்தான் தெரியும். இந்தப் படங்கள் கையில் ஏந்திப் பார்க்கச் செய்தவை. கையில் ஏந்தும் தூரத்தில் உறுத்தாத குறையைத் திருத்துவதற்கு மாதக்கணக்கைச் செலவழிக்காதீர்கள்.

எல்லாவற்றையும்விட நல்ல வழி, உங்களைப் போலவே கற்கும் இன்னொருவர். வாரத்தில் ஒரு நாள் இருவரும் தாள்களை மாற்றிக்கொள்ளுங்கள். "நல்லா இருக்கு" என்று சொல்லக்கூடாது என்று முன்பே பேசிக்கொள்ளுங்கள். எங்கே, என்ன குறை, அவ்வளவுதான் சொல்ல வேண்டும். நட்பு கெடாது, எனக்குத் தெரிந்து பாராட்டால் கெட்ட ஓவியர்கள்தான் அதிகம்.

அக்பரின் ஓவியர் தஸ்வந்த் பல்லக்குத் தூக்குகிறவரின் மகன் என்பது பலருக்குத் தெரிந்திருக்கும். சுவர்களில் உருவங்கள் கிறுக்கிக்கொண்டிருந்த பையனை அக்பர் கவனித்தார் என்று அபுல் ஃபஸல் எழுதுகிறார். மேதை பிறவியிலேயே வருகிறது என்பதற்கு இந்தக் கதையைச் சொல்வார்கள். அதன் அடுத்த வரியை விட்டுவிடுவார்கள்: அக்பர் அவனை நேரே பாரசீக ஆசிரியர் அப்துல் சமதிடம் ஒப்படைத்தார். பின்னாளில் ரஸ்ம்நாமாப் படங்களில் தஸ்வந்தின் பெயர் வருவது பெரும்பாலும் வரைவுக்கு எதிரில். வண்ணத்துக்கு எதிரில் வேறு பெயர்கள். அவ்வளவு பெரிய கையும் ஒரு கூறில்தான் நின்றது.

பேச்சு போதும் என்று நினைக்கிறேன். பின்பக்க மேசையில் வசிலித் துண்டுகளும் கரைத்த காவியும் வைத்திருக்கிறார்கள். தேநீர் குடித்துவிட்டு ஆளுக்கு ஒரு துண்டு எடுத்துக்கொள்ளுங்கள். முகம் வேண்டாம், கண்கூட வேண்டாம். மேலிமைக் கோடு மட்டும் இருபது. பெயரும் தேதியும் எழுதிச் சுவரோரக் கயிற்றில் மாட்டிவிடுங்கள். பிறகு பென்சிலை எடுத்துப் பக்கத்தில் இருப்பவர் தாளில் எது குமிழ், எது வறட்சி, எது வால் பிளவு என்று குறியுங்கள். உங்கள் தாளை நீங்கள் குறிக்க வேண்டாம். பிரஷ் கொண்டுவராதவர்கள் முதல் வரிசையில் கேளுங்கள், அங்கே நான்கைந்து மிச்சம் இருக்கின்றன.